சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய காந்திமதியக்கா

போன மழைக்காலத்தில் ஒரு காலை, நான் தோசைக்கல்லில் மாவை ஊற்றுகிற நேரமாகப் பார்த்து ஜெபின் போன் செய்தான். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற டிவி நிலையத்தில், பழைய டேப்புகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற என்ஜினியர் அவன். எல்லையோரத்துப் பாறசாலைக்காரன். வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம், பதற்றம் வந்தால் இரண்டும் சேர்ந்து வரும்.

“மேடம், ஒரு சம்சயம். பச்சை ஸ்டிக்கர் ஒட்டினது நல்ல டேப்பு, சிவப்பு ஒட்டினது கெட்ட டேப்புன்னுதானே சொன்னாங்க? பச்சைல பாதி ஓடவே மாட்டேங்குது. சிவப்புல ஒண்ணை, கெட்டுப் போனதுதானேன்னு மெஷினை டெஸ்ட் பண்ணப் போட்டேன். படம் சும்மா ஜம்முன்னு நிக்குது. இதென்ன கூத்து?”

“அதுல என்னலே இருக்கு?”

“ஒரு பெருங்காயக் கடை மேடம். ஒரு அம்மா பேசறாங்க. பேச்சுன்னா பேச்சு, தகர்க்கறாங்க. பக்கத்துல ஒரு ஆளு வாயத் திறந்துட்டு நிக்காரு.”

நான் சிரித்த சிரிப்பில் தோசை கருகிப் போனது. ஆனால் அடுத்து அவன் சொன்னதைக் கேட்டு அடுப்பை அணைத்தேன். “சிவப்பு ஸ்டிக்கர் மொத்தத்தையும் அடுத்த வாரம் கழிச்சுக் கட்டப் போறாங்க மேடம். பச்சையை ஏத்தறதுக்கு மட்டும்தான் பணம் வந்திருக்கு.”

விஷயத்தை முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும். டிவி என்ஜினியரிங் படிக்க என்னை வடக்கே அனுப்பினார்கள். போனேன், சப்பாத்தி தின்றேன், இந்தி வராமலே திரும்பி வந்தேன். பயிற்சியைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. திருவனந்தபுரத்தில் குன்றின் மேல் இருந்த எங்கள் நிலையத்தின் டேப் அறையில் உட்கார்ந்தவள், தலை நரைத்த பிறகுதான் எழுந்தேன்.

அந்தக் காலத்தில் வீடியோ டேப் வெளிநாட்டுச் சரக்கு. வேண்டுமென்றால் தில்லிக்கு எழுத வேண்டும். தில்லி யோசிக்கும். பொன்முடி மலை ஏறுகிற பஸ் மாதிரி, ஒவ்வொரு வளைவிலும் நின்று மூச்சு வாங்கித்தான் அந்தக் கோப்பு நகரும். டேப் வந்து சேரும்போது, எந்த ஓணத்துக்குக் கேட்டோமோ அது போய் அடுத்த ஓணம் வந்திருக்கும். அதனால் இருக்கிற டேப்பிலேயே திரும்பத் திரும்பப் பதிவு செய்வோம். நிகழ்ச்சி ஒளிபரப்பானதா, அழி. அதன் மேல் அடுத்ததைப் பதி.

அழிப்பதற்கென்று ஒரு பெட்டி இருந்தது. உள்ளே பெரிய காந்தம். கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, டேப்பை அதன் மேல் வைத்து, மாவாட்டுகிற மாதிரி வட்டமாகச் சுற்ற வேண்டும். பெட்டி கொஞ்ச நேரம் உறுமும். ஒரு கதகளி, ஒரு மந்திரியின் பேட்டி, விழிஞ்ஞத்து மீனவர்களின் வலைப்பாட்டு, எல்லாம் ஒரே சுற்றில் போய்விடும். மந்திரி போனதில் எனக்கு வருத்தமில்லை. மற்றதெல்லாம் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சுற்றுவேன்.

அழிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு டேப்பையும் ஓட்டித் தரம் பார்க்க வேண்டும். நல்ல டேப்புக்குப் பச்சை ஸ்டிக்கர். அதை அழித்து மறுபடி பயன்படுத்தலாம். கெட்ட டேப்புக்குச் சிவப்பு. அதில் புதிதாகப் பதியவும் கூடாது, இருப்பதை ஒளிபரப்பவும் கூடாது. தூக்கியாவது எறியலாமா என்றால் அதுவும் கூடாது, அரசாங்கச் சொத்து. எறிவதற்கு ஒரு கமிட்டி கூட வேண்டும். அந்தக் கமிட்டி நான் இருந்தவரை கூடவே இல்லை. ஆக, நல்ல டேப்பில் இருந்த நிகழ்ச்சி அழியும், கெட்ட டேப்பில் இருந்தது பின்கட்டு ஸ்டோரில் சௌக்கியமாகத் தூங்கும். இந்தக் கோமாளித்தனத்தை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை, தானாக அமைந்தது.

சிவப்பா பச்சையா என்று தீர்ப்பு சொல்கிறவர் எங்கள் பிரிவின் தலைவர் தாமோதரன் சார். வெள்ளை அரைக்கைச் சட்டை, நெற்றியில் சந்தனம். மானிட்டருக்கு எவ்வளவு தூரத்தில் நின்றால் படத்தின் குறை சரியாகத் தெரியும் என்று கணக்குப் போட்டுத் தரையில் சாக்பீஸ் கோடு கிழித்திருந்தார். அந்தக் கோட்டில் கட்டைவிரலை வைத்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். அதற்குள் நான் மெஷினில் டேப்பைப் படிக்கிற ஹெட்டை ஸ்பிரிட்டில் நனைத்த மெல்லிய தோலால் துடைத்திருக்க வேண்டும். மேலும் கீழும் துடைக்கக் கூடாது, பக்கவாட்டில்தான். ஒரு முறை மாற்றித் துடைத்ததற்கு, “ராஜி, இது தோசைக்கல்லு அல்ல” என்றார். கத்தமாட்டார். கத்தியிருந்தால் தேவலாம் என்றிருக்கும்.

அவருடைய பரம விரோதி டிராப் அவுட். டேப்பின் மேல்பூச்சு எங்காவது துளி உதிர்ந்திருந்தால், அந்த இடம் வரும்போது திரையில் வெள்ளையாக ஒரு கீற்று பளிச்சென்று வந்து மறையும். நமக்குத் தெரியாது. அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாலும் தெரியும். ஆனால் ஒரு விசேஷம், அவர் படத்தை மட்டும்தான் பார்ப்பார், படத்தில் இருக்கிற ஆளைப் பார்க்க மாட்டார். எங்கள் டிவியில் அடிக்கடி பாடுகிற பாடகர் ஒருவர் வராந்தாவில் அவருக்கு வணக்கம் சொன்னார். சார் முழித்தார். அவர் போனதும் பேரைச் சொன்னேன். “ஓ, மூணாமத்த பாட்டில இடதுமூலையில டிராப் அவுட் உள்ள ஆளு!” என்று சந்தோஷப்பட்டார்.

இனி காந்திமதியக்கா. ஆரியசாலைக் கடைத்தெருவில் ஆறுமுகம் அண்ணாச்சியின் பெருங்காயக் கடையில்தான் எங்கள் கரமனை வீட்டுக்கு வழக்கமாகக் காயம் வாங்குவோம். அண்ணாச்சி முன்னால் கல்லாவில் இருப்பார். அவர் மனைவி காந்திமதியக்கா பின்னறையில் நின்றுகொண்டே காயத்தை உடைத்து, நயம் பார்த்து, பொட்டலம் போடுவாள். எந்தக் கட்டி எப்படிப்பட்டது என்று மோந்தே சொல்கிறவள் அவள். அவளுக்கு ஒரே ஓர் ஆசை, முன்னால் வந்து கல்லாவில் உட்கார வேண்டும். அண்ணாச்சி அதற்கு மட்டும் மசியவில்லை. “யாவாரிகிட்ட உனக்குப் பேச வருமாட்டி?” என்பார்.

எங்கள் சந்தை நிகழ்ச்சிக்காரர்கள் ஒருநாள் அந்தக் கடைக்குக் கேமராவோடு போனார்கள். பிறகு எல்லாரும் அது ஒளிபரப்பாகிற நாளுக்காகக் காத்திருந்தார்கள். ஒளிபரப்பாகி இரண்டு நாள் கழித்து, அக்கா பஸ் பிடித்து எங்கள் நிலையத்துக்கே வந்துவிட்டாள். கையில் எனக்கென்று ஒரு காயப் பொட்டலம். வாசல் காவலர் தும்மிக்கொண்டே வந்து என்னைக் கூப்பிட்டார்.

“ராஜி, எங்க சந்துல ஒரே டிவிதான், அதும் எங்க வீட்லதான்” என்றாள். முகம் சிவந்திருந்தது. “தெரு பூராவும் வந்து உக்காந்திருக்கு. கடைப் போர்டு வருது. போர்டக் காட்டுனதும் கரண்ட் போச்சு. திரும்பி வரும்போது எவனோ எருமை மாட்டுக்கு ஊசி போட்டுக்கிட்டிருக்கான்.”

“அடடா!”

“அதுகூடப் போட்டும். இவாள், அதான் உங்க அண்ணாச்சி, தெரு பூரா என்ன சொல்லுதாவ தெரியுமா? கேமராவக் கண்டதும் நான் வேர்த்து வடிஞ்சு வாயடச்சு நின்னேனாம், இவாள்தான் பேசிச் சமாளிச்சாவளாம். இனி கல்லாப் பக்கம் நான் தலைவெச்சுப் படுக்க முடியுமா? உன் டேப்பு எங்க? எனக்கு ஒரே ஒரு தடவ போட்டுக் காட்டு. தெருக்காரவளையும் கூட்டியாறேன்.”

எனக்கு உண்மை தெரியும். ஒளிபரப்புக்கு முன்னால் அந்த டேப்பை ஓட்டிப் பார்த்தவளே நான்தான். அதைச் சொல்லவும் சொன்னேன். அண்ணாச்சி அதற்கும் பதில் வைத்திருந்தாராம், “ராஜி உன் கூட்டாளி, அவ சாட்சி செல்லாது.” சொந்தக்காரர்கள் எல்லாரும் திருநெல்வேலியில். அங்கே எங்கள் ஒளிபரப்பு எட்டாது. மனுஷர் எல்லாப் பக்கமும் கதவைச் சாத்திவிட்டுத்தான் கதை விட்டிருந்தார்.

தாமோதரன் சாரிடம் போய்க் கேட்டேன். அவர் முதலில் மூக்கை உறிஞ்சி, “இதெந்தா ஒரு சாம்பார் மணம்?” என்றார். விஷயத்தைச் சொன்னதும் முடியாதென்று தலையை ஆட்டிவிட்டார். வெளியாள் உள்ளே வந்தால் தூசி வரும். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் ஹெட் தேயும். ஹெட் தேய்ந்தால் அதற்கும் தில்லிக்கு எழுத வேண்டும். “இது சினிமா கொட்டகை அல்லல்லோ ராஜி.” தயாரிப்பாளரிடம் மறுஒளிபரப்பு கேட்டேன். அந்த நேரத்துக்குச் சினிமாப் பாட்டு போட்டால்தான் ஜனங்கள் பார்ப்பார்கள் என்றார். போதாக்குறைக்கு, அதே டேப்பை அடுத்த கால்பந்துப் போட்டிக்கு எடுத்து வைத்துவிட்டார்கள். பச்சை ஸ்டிக்கர் விழுந்தால் அக்கா காந்தப் பெட்டிக்குப் போய்விடுவாள்.

மறுநாள் தரம் பார்க்கிற முறை. ஹெட்டைத் துடைத்தேன், பக்கவாட்டில்தான். சார் கோட்டில் நின்றார். டேப் ஓடியது. அண்ணாச்சி வந்தார், சார் அசையவில்லை. பின்னறைத் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு அக்கா வந்தாள். எட்டுக்கல் வைர மூக்குத்தி போட்டிருந்தாள். அவளுக்குத் தலையை ஆட்டாமல் பேசத் தெரியாது. தலை ஆடுகிற போதெல்லாம் வெயில் கல்லில் பட்டு, அந்தக் காலத்துக் கேமரா அதைத் தாங்க முடியாமல், வெள்ளைக் கீற்றாக இழுத்துவிட்டது.

“அய்யே!” என்றார் சார். “டிராப் அவுட்!”

நான் வாயைத் திறந்தேன். அப்புறம் மூடிக்கொண்டேன்.

சாருக்கு ஒரு வழக்கம் உண்டு. கீற்று வந்தால் உடனே டேப்பைக் குறை சொல்ல மாட்டார். ஹெட்டில் அழுக்கு இருந்தாலும் கீற்று வரும், ஆனால் மறுபடி ஓட்டினால் அதே இடத்தில் வராது. டேப்பிலேயே குறை என்றால் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வரும். அதனால் பின்னால் சுற்றி மறுபடி ஓட்டச் சொன்னார். ஓட்டினேன். மூக்குத்தி அதே இடத்தில் மின்னியது. இன்னொரு முறை ஓட்டச் சொன்னார். அப்போதும் மின்னியது. மின்னாமல் எங்கே போகும்? நான் சிரிப்பை அடக்கத் தொடையைக் கிள்ளிக்கொண்டிருந்தேன். “இது போரா”, அதாவது தேறாது, என்று சொல்லி, சிவப்பு ஸ்டிக்கரை எச்சில் தொட்டு அவரே ஒட்டினார்.

அக்காவிடம் ஓடினேன். “உங்களை அழிக்க மாட்டாங்க அக்கா! டேப்பு ஸ்டோர்ல பத்திரமா இருக்கும்.”

“அப்ப எப்பம் போடுவே?”

அங்கேதான் இடித்தது. “அது… சிவப்பு ஒட்டினதை இனி ஒளிபரப்ப முடியாது.”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “சாமி உள்ள இருக்காரு, ஆனா நட சாத்திருக்குங்கே” என்று சொல்லிவிட்டுப் பின்னறைக்குப் போய்விட்டாள். எனக்கு அழுகை வந்தது, உண்மையாகவே.

ஆனால் அதோடு எனக்குக் குளிர் விட்டுப்போயிற்று. மனசுக்குப் பிடித்த நிகழ்ச்சி எது வந்தாலும் சார் பக்கத்தில் நின்றுகொண்டு, கதகளிக் கிரீடம் பளிச்சிட்டால் “சார், டிராப் அவுட்” என்பேன். விழிஞ்ஞம் கடலில் வெயில் மினுங்கினால் “சார், எத்தனை டிராப் அவுட்!” என்பேன். சார் உற்றுப் பார்ப்பார், மோவாயைத் தடவுவார், சிவப்பு ஒட்டுவார். பின்கட்டு ஸ்டோர் நிறைந்தது. இவ்வளவு பெரிய ஆளை எவ்வளவு சுலபமாக ஏமாற்றுகிறேன் என்று எனக்கு ஒரே கர்வம்.

சார் ஓய்வு பெற்ற அன்றைக்கு வாழைப்பழ அப்பமும் தேநீரும் கொடுத்தோம். எல்லாரும் போனபின் என்னைக் கூப்பிட்டு, சாக்பீஸ் கோட்டைக் காட்டி, “இத அழிக்க வேண்டா” என்றார். வாசல்வரை போனவர் திரும்பினார். “பின்ன ராஜி, டிராப் அவுட் மூக்கில மாத்திரம் வராது, கேட்டோ.” சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் அசடு வழிய நின்றேன்.

அந்த டேப்புகளுக்குத்தான் இப்போது ஆபத்து. காலமெல்லாம் கூடாத கமிட்டி கடைசியில் கூடிவிட்டது! கருகிய தோசையை அப்படியே போட்டுவிட்டு ஆட்டோ பிடித்துக் குன்றுக்குப் போனேன். ஸ்டோரில் ஒரே பூஞ்சை வாடை. பச்சை டேப்புகள் திரும்பத் திரும்பப் பதிந்து தேய்ந்து நாராகிக் கிடந்தன. சிவப்பு டேப்புகளை, ஸ்டிக்கர் ஒட்டியபின் யார் தொட்டது?

இப்போதைய அதிகாரி நல்ல பெண்தான், ஆனால் சட்டம் பேசினாள். நானும் சட்டமே பேசினேன். “கழிக்கிறதுக்கு முன்னால ஓட்டிப் பார்த்தீங்களான்னு ஆடிட் கேட்டா என்ன சொல்லப் போறீங்க?” ஆடிட் என்றதும் அவள் பேனாவைக் கீழே வைத்தாள். ஓடாத பச்சைக்கு வந்த பணம் சும்மாதானே கிடக்கிறது, அதில் ஓடுகிற சிவப்பை ஏற்றலாமே என்று மெதுவாக எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்த பிறகே முடிவு என்று உத்தரவாயிற்று. அதோடு நின்றேனா? டேப்பில் பேசுகிற பெண் யார் என்று உறுதிப்படுத்தினால்தான் கேட்லாக்கில் பேர் ஏற்ற முடியும், அதற்கு ஜெபின் லேப்டாப்போடு ஆரியசாலைக்கு வரவேண்டும் என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சம்மதித்தாள்.

கடையில் இப்போது மகன் சுப்பையா கல்லாவில் இருக்கிறான். அண்ணாச்சி காது மந்தமாகி, ஆனால் வாய் மந்தமாகாமல், ஓரத்தில் சாய்வு நாற்காலியில். அக்கா அன்றைக்கும் பின்னறையில்தான் இருந்தாள். கூப்பிட்டதும் முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

ஜெபின் லேப்டாப்பை மூட்டை மேல் வைத்து, “சாஃப்ட்வேர்ல போட்டு நல்லா கிளீன் பண்ணிருக்கேன், பாருங்க” என்று பெருமையாக ஓட்டினான். படம் வழவழவென்று வந்தது. அக்கா கண்ணை இடுக்கினாள்.

“இது யாருலே? மூஞ்சி அரச்ச மாவு கணக்கா இருக்கு. எம் மூக்குத்தி எங்க?”

மூக்கு மொட்டையாக இருந்தது. ஜெபின் பதறி எதையோ தட்டினான். “ஐயோ, வெள்ளையா மின்னினதை டிராப் அவுட்னு நினைச்சு அதுவே எடுத்துருச்சு மேடம்!” நான் கடையிலேயே உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். தாமோதரன் சாராவது தெரிந்துதான் செய்தார்.

“துடைக்காததைப் போடுலே” என்றேன். போட்டான். கடைப் போர்டு வந்தது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று.

கடையே “ஐயோ” என்றது. அக்கா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் லேப்டாப்புக்குக் கரண்ட் எதற்கு? படம் ஓடிக்கொண்டேயிருந்தது. ஃபேன் நின்றதால் சத்தம் இன்னும் தெளிவாகக் கேட்டது. வேலை நின்றுபோன பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாரும் வெளிச்சத்தைக் கண்டு எங்களைச் சுற்றி வந்து நின்றார்கள்.

படத்தில், நல்ல காயத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று எங்கள் ஆள் கேட்கிறார். கறுத்த மீசையோடு அண்ணாச்சி வாயைத் திறக்கிறார். திறந்த வாய் திறந்தபடியே நிற்கிறது. நெற்றியில் வேர்வை. பின்னறைத் திரைச்சீலை விலகுகிறது, மூக்குத்தி மின்னுகிறது. “அவாளுக்குத் தொண்ட கட்டிருக்கு, நான் சொல்லுதேன். தண்ணியில கரச்சா பால் கணக்கா வெளுக்கணும், கேட்டோ சாரே. தீயில காட்டுனா கற்பூரம் கணக்கா எரியணும். எரியலைன்னா அது காயமில்ல, கள்ளம்.” நிகழ்ச்சி முடிகிறவரை அவள்தான்.

கூட்டம் கைதட்டியது. அண்ணாச்சி மட்டும் கழுத்தைத் திருப்பிக்கொண்டார். “படம் கிளியரா இல்லியே.”

“கிளியரா இல்லியாம்ல” என்றாள் அக்கா. “மக்களே, இன்னொரு தடவ போடு. சத்தத்தக் கூட்டி வை.”

ஜெபின் மறுபடி போட்டான். இந்த முறை அண்ணாச்சி முன்னால் சாய்ந்து, காதைக் கையால் மடக்கிக் கேட்டார். ‘அவாளுக்குத் தொண்ட கட்டிருக்கு’ என்ற இடத்தில் அவர் கை காதிலிருந்து இறங்கியது. அதற்கப்புறம் அவர் படத்தைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார். படம் முடிந்தது.

“எனக்கு அன்னைக்குத் தொண்ட ஒண்ணும் கட்டல” என்றார் அண்ணாச்சி. அவருக்குக் காது மந்தம், அதனால் தெருவுக்கே கேட்டது. அப்புறம் மகனைப் பார்த்துக் கையை ஆட்டினார். “ஏலே சுப்பையா, எந்திரி. கல்லாவுல உங்கம்மைக்கு ஒரு நாக்காலி போடு.”

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மூக்குத்தி அந்த இருட்டிலும் மின்னியது.

“வெறும் நாக்காலி பத்தாது” என்றாள். “மெத்த வச்சது போடச் சொல்லுங்க. எம்புட்டு வருசம் நின்னிருக்கேன்.”